கையுறைக்குள் குறைமதி

டிசம்பர் 17

இன்று இயற்பியல் பேப்பர். வினாத்தாளைப் பார்த்ததும் புவியீர்ப்பு விசை எனக்கு மட்டும் கூடுதலாக வேலை செய்து, தலை தானாகக் கவிழ்ந்துவிட்டது. இதை அரையாண்டுத் தேர்வு என்கிறார்கள். ரிசல்ட் வந்ததும் அம்மா தரப்போவதை நினைத்தால் 'அறை'யாண்டுத் தேர்வு என்றுதான் எழுத வேண்டும். பெயர் நிறைமதி, வாங்குவது குறைமதிப்பெண்.

போகட்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார்! சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் ஃபிட்டர். போன பொங்கல் முடிந்ததும் போனவர். என் மானம் கப்பலேறப் போகிற நேரத்தில் அப்பா கப்பலிலிருந்து இறங்குகிறார். சீட்டு வீணாகாது.

கையோடு கேலையும் கொண்டுவருகிறார். 'கடைசி வளையம்' தொடரில் விண்கப்பலின் இன்ஜினைத் தனியாளாகக் கட்டி மேய்க்கும் கேல். ஆறில் ஒரு பங்கு அளவு, துணியில் தைத்த ஆரஞ்சு உடுப்பு, கழற்றி மாட்டும் கையுறை, தூக்கி இறக்கும் முகமூடிக் கண்ணாடி. ஒரிஜினல்! நானும் ரெஜினாவும் நடத்துகிற 'பொம்மையா மெய்யா' சேனலுக்கு இதுதான் தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம். பொம்மை ஒரிஜினலா போலியா, திரையில் வருகிற ஆள் மாதிரியே இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்துப் பத்துக்கு மார்க் போடுவோம். பார்க்கிறவர்களில் பாதிப் பேர் ரெஜினாவின் சித்திமார்கள்.

இதுவரை என்னிடம் இருந்தது பாரிமுனை நடைபாதையில் வாங்கிய போலி கேல். பெட்டியில் 'கேள்' என்று போட்டிருந்தது. உதட்டுச் சிவப்பு கன்னம்வரை வழிந்து, வெற்றிலை போட்டு வந்த மாமா மாதிரி இருப்பான். இரண்டு மார்க். அதுவும் பரிதாபப்பட்டுப் போட்டது.

அப்பாவை வரவேற்க ரப்பர் பல்லி தயார். போன வருஷம் ஷூவுக்குள் வைத்தேன். "அய்யய்யோ!" என்று எகிறினார், மூச்சு விடாமல் அம்மாவைப் பார்த்து "சுகந்தி, அடுப்பை அணை!" என்றார். அப்போது பார்த்துப் பால் பொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் சேனலில் அதிகம் பேர் பார்த்த வீடியோ அதுதான். அதில் பொம்மையே கிடையாது.

கப்பலில் சிக்னல் இல்லாமல் பத்துப் பதினைந்து நாளாகப் பேச்சில்லை. இன்று அழைத்தார். வழக்கப்படி எறும்பு ஜோக்கைச் சொன்னேன். "எறும்பு கப்பல் ஏறி எங்கப்பா போகும்? அக்கரைக்கா? இல்ல, சர்க்கரைக்கு!" சின்ன வயதிலிருந்து சொல்கிறேன். ஒரு தடவைகூட அப்பா சிரித்ததில்லை. இடக்கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "போய்ப் படிக்கிற வேலையப் பாரு, வாலு" என்பார்.

இன்று சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார்.

லைனில் ஏதோ கோளாறு.

டிசம்பர் 21

டாக்ஸி வந்தது. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசலில். அப்பா படியேறி வந்து ஷூவைக் கழற்றி, நான் வைத்திருந்த செருப்பில் காலை நுழைத்தார். பல்லி உள்ளே. நான் போனில் ரெக்கார்டிங் பட்டனை அமுக்கியாயிற்று.

அவர் குனிந்து பல்லியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது உன் பொருள், நிறைமதி."

நிறைமதி! என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் ஹெட்மாஸ்டர் ஒருவர்தான்.

அம்மா தட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டு, "கையி வலிக்குது" என்று உள்ளே போய்விட்டாள்.

பெட்டியைக் குடைந்தேன். சாக்லேட், ஷாம்பு, அம்மாவுக்குக் கைப்பை. அடியில் அப்பாவின் கிரீஸ் படிந்த இன்ஜின் ரூம் சட்டை, அதற்குள் கேல். நான் இழுத்ததும் அப்பா திரும்பினார். முதலில் தலை திரும்பியது, அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு.

"அது எப்படி இதுக்குள்ள வந்துச்சு?"

"நீதானப்பா எடுத்துட்டு வர்றேன்னு சொன்ன."

"ஆமா," என்றார். "சொன்னேன்." சிரித்தார்.

டிசம்பர் 23

பரீட்சை ஓவர். ரெஜினா கேமரா, நான் டாக்டர். பிரேதப் பரிசோதனை தொடங்கியது.

முதலில் நல்லது. உடுப்புத் தையல் பிரமாதம். முழங்காலில் இருக்கும் எண்ணெய்க் கறைகூடத் தொடரில் வருகிற மாதிரியே. முகமூடிக் கண்ணாடி வழுவழுவென்று இறங்குகிறது. காலடியில் கம்பெனி முத்திரை சரியாக இருக்கிறது. ஒரிஜினல்தான், சந்தேகமே இல்லை. முகத்தைச் செதுக்கியவன் கையில் தங்கக் காப்பு போடலாம். கண்ணில் ஈரம் இருக்கிற மாதிரியே வார்னிஷ் அடித்திருக்கிறான்.

இப்போது குற்றப் பத்திரிகை. கேல் இரும்பு வயிற்றுக்காரன். இவனுக்கு உடுப்புக்குள் சின்னத் தொப்பை. ஒரு மார்க் கட். முழங்கால் மடங்கவே மாட்டேன் என்கிறது, உட்கார வைக்க முடியாது. அரை மார்க் கட். தோள் மூட்டு மார்புக்கு மேலே தூக்கவில்லை. முக்கால் மார்க். புது பொம்மை என்றால் புது பிளாஸ்டிக் வாசம் வர வேண்டும், இவனிடம் டீசலும் தைலமும் சேர்ந்த வாசம். பெட்டிக்குள் சட்டையோடு கிடந்ததால் இருக்கும், மன்னித்துவிட்டேன்.

கடைசியாக இடக் கையுறையைக் கழற்றினேன். மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, அரிசி நீளத்துக்கு ஒரு மேடு. பிறை வடிவம்.

ரெஜினா கேமராவைத் தாழ்த்திவிட்டாள். "ஏய் மதி. உங்கப்பாவுக்கு இதே எடத்துல..."

"கேமராவ ஆட்டாத. பெயிண்ட் கொப்புளம். அரை மார்க் கட்."

"இல்லடி, நல்லாப் பாரு. நீராவிக் குழாய் சுட்டதுன்னு..."

"உனக்குத்தான் பார்வைக் கோளாறு. அத வெச்சிக்கிட்டு நீ கேமராமேன் வேற."

மொத்தம் பத்துக்கு ஏழேகால். வீடியோவை இன்னும் ஏற்றவில்லை. நெட் ஸ்லோ.

அப்பாவின் கைத் தழும்பைப் பற்றி இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது? எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பிறந்த மாதம் கப்பலில் சுட்டது. என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இவ நிறைமதி, இது குறைமதி. ரெண்டும் ஒரே மாசத்துல எனக்கு வந்தது" என்பாராம். அப்பா வாழ்க்கையில் சொன்ன ஒரே ஜோக். நான்கூடச் சிரித்ததில்லை.

டிசம்பர் 24

லாரித் தண்ணீர் பிடித்தேன். குடம் குடமாக. வேறு விசேஷம் இல்லை.

டிசம்பர் 27

மொட்டை மாடியில் துணி காயப்போட அப்பாவும் வந்தார். வந்ததிலிருந்து முழுக்கைச் சட்டைதான். ஈரப் போர்வையைப் பிழிவதற்காகக் கையை மடித்தார்.

இடக்கை சுத்தமாக இருந்தது. வழுக்கி விழலாம், அவ்வளவு சுத்தம்.

"அப்பா, தழும்பு எங்க?"

"சரியாயிடுச்சு."

"தழும்புன்னாலே சரியானதுக்கு அப்புறம் இருக்கிறதுதானப்பா. அது எப்படி மறுபடி சரியாகும்?"

இதற்குச் சிரித்தார். நான் ஜோக் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன். மண்டையைப் பிளக்கிற வெயில். எனக்கு முதுகில் வியர்வை ஓடியது. அவர் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

துணியைக் கொடியில் போட அவர் திரும்பியபோது காதுக்குப் பின்னால் பார்த்தேன். மெல்லிசாக ஒரு கோடு, மயிர்க்காலிலிருந்து காலர்வரை நேராக இறங்கியது. பொம்மையில் அதை அச்சுக் கோடு என்போம். இரண்டு பாதியை ஒட்டும்போது விழுவது. நல்ல கம்பெனி என்றால் தேய்த்து எடுத்திருப்பான்.

தலையணை அழுத்திய கோடாக இருக்கும்.

டிசம்பர் 28

விஞ்ஞானம் என்றால் சோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டும். பல்லியை மறுபடி செருப்பில் வைத்தேன்.

இந்த முறை "அய்யய்யோ!" என்று எகிறினார். போன வருஷத்து அதே எகிறல், அதே குரல். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு நொடி லேட், அவ்வளவுதான். அப்பா பழைய அப்பாதான் என்று கைதட்டப் போனேன்.

"சுகந்தி, அடுப்பை அணை!" என்றார்.

வீட்டில் அடுப்பே எரியவில்லை. அம்மா என் பக்கத்தில்தான், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. மறுபடி நறுக்கத் தொடங்கினாள், முன்பைவிட மெதுவாக.

சேனலைத் திறந்து பார்த்தேன். அந்த வீடியோவை யாரோ நேற்று திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

டிசம்பர் 30

அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு மதியச் சோறு கொண்டுபோனேன். தேரடிக்குப் பக்கத்தில் அம்மா வேலை செய்கிற கடை. நகல் எடுப்பதுதான் தொழில் என்றாலும் வீட்டில் என் பொம்மைகளைப் பார்த்து, "எல்லாம் ஒரே மாதிரிதானடி இருக்கு, எதுக்கு இத்தன?" என்று கேட்பவள்.

ஒரு ஆள் ஆதார் நகல் எடுத்துக்கொண்டு அவசரமாகப் போனார். அம்மா மெஷின் மூடியைத் தூக்கி உள்ளே கிடந்த கார்டை எடுத்து, "சார்! சார்!" என்று தெருமுனைவரை ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"தெனம் நாலு பேர் இப்படித்தான். ஜெராக்ஸ கையில எடுத்துக்குவாங்க. ஒரிஜினல மெஷின்லயே விட்டுட்டுப் போயிடுவாங்க. வீட்டுக்குப் போயி ஜெராக்ஸப் பாத்துட்டு, ஆங், நம்மகிட்ட இருக்குன்னு இருந்துடுவாங்க."

"அப்போ ஒரிஜினல்?"

"நாமதான் பத்திரமா எடுத்து வெக்கணும். தேடிக்கிட்டு வர்ற வரைக்கும்."

எங்கள் வீட்டு ஒரிஜினல்கள் அரிசி டிரம்மில் இருக்கின்றன. ரேஷன் கார்டு, பர்த் சர்டிபிகேட், அம்மாவின் டிகிரி, எல்லாம் கவர் போட்டு அரிசிக்குள். வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் அரிசி டிரம்மைத் தொட மாட்டார்கள் என்பது அம்மாவின் சித்தாந்தம். எங்கள் வீட்டுச் சோற்றில் அரசாங்க முத்திரை மணக்கும்.

சோற்றுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னேன். "கேல்ல நெறைய குறை இருக்கும்மா. திருப்பி அனுப்பிச்சிடலாமா?"

அம்மா தெருவைப் பார்த்தாள். "பிரிச்ச பொருளத் திருப்பி எடுத்துக்க மாட்டாங்க மதி. உள்ள ஏத்தியாச்சு. இனிமே நாமதான் சமாளிக்கணும்."

அம்மா முதுகு வலி என்று ஒரு வாரமாக என் அறையில்தான் படுக்கிறாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறாள். முதுகு வலிக்குத் தாழ்ப்பாள் நல்லது போல.

ஜனவரி 2

மார்க் ஷீட். விவரம் வேண்டாம். அப்பா பார்த்துவிட்டு, "நல்லா வாங்கியிருக்க" என்று கையெழுத்துப் போட்டார். நானே எனக்கு இரண்டு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

காலாண்டு மார்க் ஷீட்டில் அப்பாவின் கையெழுத்து இருக்கிறது. அப்பா கடலில் இருக்கும்போது எப்படி என்று கேட்காதே டைரியே, அது என் கலை. அதில் கடைசி எழுத்தில் எனக்குப் பேனா வழுக்கிக் கீழே ஒரு வால் விழுந்திருந்தது. இன்று அவர் போட்டதிலும் அதே வால். அதே நீளம்.

என் போலியைப் பார்த்துப் போலி போட்டிருக்கிறார்.

சாயங்காலம் அம்மா மூன்று காப்பி போட்டாள். அவருக்கு ஒன்று. முன்பு சர்க்கரையே சேர்க்காதவர், இப்போதெல்லாம் போட்டுக் குடிக்கிறார். அம்மாவுக்கு ஒன்று. எனக்கு என்று மூன்றாவதை எடுத்தால் கசந்தது. சர்க்கரையே இல்லை.

"மறந்துட்டேன்" என்று அம்மா அதை வாங்கி ஷோகேஸில் கேல் பக்கத்தில் வைத்தாள். ஆறி ஆடை கட்டுகிறவரை எடுக்கவில்லை.

ஜனவரி 5

கேலின் கழுத்து ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிறது. மூட்டு லூஸ். கால் மார்க் கட்.

ஜனவரி 6

நேராக்கி வைத்தேன். மறுபடி திரும்பியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே அப்படி என்ன இருக்கிறது என்று பார்த்தேன். கட்டடங்களுக்கு நடுவில் விரல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது.

மார்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 9

ஸ்கூல் விட்டு வந்தேன். ஹாலில் அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் கேல், கையுறை இல்லாமல். தன் இடக்கையைப் பொம்மையின் இடக்கைப் பக்கத்தில் நீட்டி வைத்து, மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி.

அந்த முகத்தை எனக்குத் தெரியும். மார்க் போடுகிற முகம். நான் தொடரை நிறுத்தி வைத்துப் பொம்மையை ஒப்பிடும்போது ரெஜினா எடுத்த போட்டோக்களில் எனக்கு இருக்கிற முகம்.

"இது ஒண்ணுதான் குறை," என்றார். என்னிடம் அல்ல, தனக்குத்தானே.

அம்மா கடையிலிருந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். அவர் தலையைத் திருப்பினார், அப்புறம் தோளை. "போகிக்குப் பழசெல்லாம் கழிக்கணும் இல்ல சுகந்தி? இந்தப் பொம்மையப் போட்டுடலாம்."

"புது பொம்மைங்க அது. இந்தக் குட்டி அழுவா."

"வீட்ல ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு எதுக்கு?"

"பிளாஸ்டிக் எரிச்சா கார்ப்பரேஷன்ல ஃபைன் போடுவாங்க" என்றாள் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கைப்பையின் வாரைத்தான் முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"துணியும் இருக்கே" என்று அவர் சிரித்தார். "எரிஞ்சா எல்லாம் சரியாயிடும். என் கையாலயே போடுறேன்."

சரி, எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடாது. கேல் கையில் இருப்பது பெயிண்ட் கொப்புளம் இல்லை. தொப்பை அச்சுப் பிழை இல்லை. டீசல் வாசம் சட்டையிலிருந்து வந்ததில்லை. நான் கழித்த மார்க் எல்லாம் கேலுக்குத்தான் குறை. வேறு ஒருவருக்குப் பார்த்தால் ஒவ்வொன்றும் சரி. அந்தப் பிறை மட்டும் ஹாலில் இருக்கிறவருக்கு வந்துவிட்டால் அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. என்னாலும்.

அம்மாவிடம் சொல்லலாம் என்று போனேன். "அம்மா, அப்பா..." என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். ஹாலில் டிவி சத்தம் நின்றிருந்தது.

ஜனவரி 13

வாசலில் போகிக்கான அட்டைப்பெட்டி. கிழிந்த பாய், பழைய துடைப்பம், என் ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள். கேல் ஷோகேஸில். நாளைக் காலையில் கடைசியாக எடுத்து வைப்பாராம்.

சாயங்காலம் "கரும்பு வாங்கிட்டு வரேன்" என்று அவர் கீழே இறங்கியதும் எழுந்தேன். திட்டம் ரெடி. என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எதையெதையோ மாற்றி வைத்திருக்கிறேன், கெமிஸ்ட்ரி மிஸ்ஸின் சாக்பீஸுக்குப் பதில் கற்பூரம் உட்பட. வெற்றிலை மாமாவுக்குக் கேலின் உடுப்பைப் போட்டு ஷோகேஸில் நிறுத்த வேண்டும், கண்ணாடியை இறக்கி உதட்டை மறைக்க வேண்டும். கேலை ரெஜினா வீட்டில் கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறைக்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பெயிண்ட் வைத்துப் பார்க்கலாம்.

டிராயரைத் திறந்து 'கேள்' பெட்டியை எடுத்தேன். காற்று மாதிரி கையோடு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

கேலை எடுக்க ஷோகேஸுக்கு ஓடினேன். தொட்ட உடனே தெரிந்துவிட்டது. கனமில்லை. இறங்கியிருந்த கண்ணாடியைத் தூக்கினால் உள்ளே கன்னம்வரை வழிந்த சிவப்பு உதடு. கேலின் உடுப்பு, கேலின் கையுறை, உள்ளே என் நடைபாதை மாமா!

இடக் கையுறையைக் கழற்றினேன். பிறை இருந்தது.

ஆனால் தடவிப் பார்த்தால் மேடில்லை, பள்ளம். ஓரம் கறுத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். ஊதுபத்தி, சந்தன வாசனை. எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிற அதே பாக்கெட்.

அடுக்களைக்குப் போனேன். அம்மா வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் புதுக் கொப்புளம், மேலே நெய் தடவியிருந்தாள்.

"அம்மா."

"ம்."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா வந்து இதத் தட்டிக் குடு. கையி எரியுது."

தட்டிக் கொடுத்தேன். கேலை எங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. எல்லாப் பொம்மையும் ஒரே மாதிரிதானடி இருக்கு என்றவள். படியில் செருப்புச் சத்தம் கேட்டது, எப்போதும் போல ஒவ்வொரு படிக்கும் ஒரே இடைவெளியில். ஓடிப்போய் மாமாவின் கழுத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தேன்.

அம்மா மறந்தது அது ஒன்றுதான்.

ஜனவரி 14

விடியும் முன்பே தெரு முழுக்கப் புகை. பொடிசுகள் போகி மேளத்தைப் போட்டு அடிக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் முகம் தெரியவில்லை, இருமல் மட்டும் தெரிந்தது.

வாசலில் தீ மூட்டினோம். பாய் போனது, துடைப்பம் போனது, என் நோட்டுகள் போயின. கடைசியாக அவர் பொம்மையைக் கையில் எடுத்தார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துக்கொண்டார்.

இடக் கையுறையைக் கழற்றினார்.

குனிந்து பார்த்தார். எனக்குப் புகையே மூச்சாகிவிட்டது. அம்மா அவருக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றாள். நல்லவேளை, தடவிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். திருப்தி.

அப்புறம் அவருடைய கட்டைவிரல் முகமூடிக் கண்ணாடிக்குப் போனது. தூக்கப் போகிறார். தூக்கினால் வெற்றிலை உதடு.

எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அப்பா! எறும்பு கப்பல் ஏறி எங்க போகும்? அக்கரைக்கா? இல்ல, சர்க்கரைக்கு!"

அவர் நின்றார். தலை நிமிர்ந்தது. சிரித்தார். ஜோக் என்றால் சிரிக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான். அண்ணாந்து, வாயைத் திறந்து, எல்லா ஜோக்குக்கும் சிரிக்கிற அதே அளவு சிரித்தார். அவர் சிரித்து முடிப்பதற்குள் அம்மா "பனிங்க, சீக்கிரம் குடுங்க" என்று சொல்லி அவர் கையிலிருந்து வாங்கித் தீயின் நடுவில் போட்டாள்.

நடைபாதைப் பிளாஸ்டிக் நன்றாக எரிந்தது. கறுப்புப் புகை. கண்ணாடி உருகி முகத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு மார்க் போட்டேன் என்று எழுதியிருந்தேன் இல்லையா, தப்பு. மாமா, உமக்குப் பத்து.

அவர் தன் இடக்கையை நீட்டித் தீ வெளிச்சத்தில் பார்த்தார். தோலில் ஏதோ ஊறி வருகிற மாதிரி ஒரு பிறை விழுந்தது. எங்கள் கண் முன்னாலேயே.

அப்பாவுடையது மேடு. இது பள்ளம். ஓரம் கறுப்பு.

"நிறைமதி," என்றார். கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். லேசாகச் சந்தன வாசனை. "இப்ப சரியா இருக்கா? எத்தன மார்க்?"

"பத்துக்குப் பத்துப்பா" என்றேன்.

அவருக்கு ரொம்பச் சந்தோஷம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல் கொப்புளம் என் உள்ளங்கையில் உறுத்தியது.

ஜனவரி 15

பொங்கல். ஹாலில் அவர் டிவி பார்க்கிறார். பட்டிமன்றம். எல்லோரும் சிரிக்கும்போது சிரிக்கிறார்.

பால் பொங்கியதும் அம்மா உழக்கை என் கையில் கொடுத்தாள். "டிரம்லேருந்து அரிசி எடு. மெதுவா கைய விடு."

"ஏம்மா?"

"ஒரிஜினல் எல்லாம் அதுல இருக்கில்ல." பாலையே பார்த்துக்கொண்டு, டிவி சத்தத்துக்கு அடியில் சொன்னாள். "அது நம்ம கையில இருந்தாப் போதும். மத்ததப் பாத்துக்கலாம்."

மூடியைத் திறந்து கையை விட்டேன். சர்டிபிகேட் கவர்கள். அதற்கு அடியில் கிரீஸ் படிந்த சட்டைத் துணி. அரிசியை ஒதுக்கினேன். டீசலும் தைலமும் சேர்ந்த வாசம் வந்தது.

கேல் உட்கார்ந்திருந்தான். முழங்கால் இரண்டும் மடங்கியிருந்தன. மடங்காது என்று அரை மார்க் கழித்த முழங்கால்கள்.

டிரம்முக்குள் தலையை விட்டேன். ரகசியமாக, எனக்கே கேட்காத அளவுக்குச் சொன்னேன். "எறும்பு கப்பல் ஏறி எங்க போகும்? அக்கரைக்கா? இல்ல, சர்க்கரைக்கு."

ஹாலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ரொம்ப நேரம் வந்தது.

டிரம்முக்குள் சிரிப்பே இல்லை. கொஞ்சம் அரிசி மட்டும் சரிந்தது. குனிந்து பார்த்தேன். தோள் மூட்டு மார்புக்கு மேலே தூக்காது என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இடக்கை நெற்றியில் இருந்தது.

அப்பாவேதான்.